ஆவாரம்பட்டையும் முட்டை வெள்ளையும்

கரூரில் சேலம் பாசஞ்சர் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி மோகனூரில் வண்டி நின்றபோதே நிலத்தின் சுபாவம் மாறத் தொடங்கிவிட்டது. ஆற்றோரத்து வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்ச தூரம்தான் கூட வந்தன. அப்புறம் செம்மண், கல், வெயில். நாஞ்சில் நாட்டில் பிறந்த எனக்கு மலை என்றால் ஒன்றோடொன்று தோள் சேர்த்து, மேகம் இறங்கி, அடிவாரம் வரை பச்சையாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு மலையும் தனி. நாமக்கல் ஊருக்கு நடுவில் ஒரே பாறை எழுந்து நிற்கிறது. உச்சியில் கோட்டை, பாறையைக் குடைந்து நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் கோயில்கள். கிழக்கே அடிவானம் நெடுகக் கொல்லிமலை. வடக்கே போகப் போக நைனாமலை, போதமலை, சேலத்து வாசலில் ஜருகுமலை, அதற்கும் அப்பால் சேர்வராயன். ஒரு மலை கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்தது எழுந்துவிடுகிறது. நடுவே கிடக்கும் சமவெளியில் குச்சிக்கிழங்கும் சோளமும் நிலக்கடலையும், கோழிப்பண்ணைகளின் நீள நீளமான கொட்டகைகளும்.

ஆவாரம் பூத்திருந்த சமயம் அது. தரிசிலும் வரப்பிலும் தண்டவாளத்தின் இரு பக்கமும் மஞ்சள். மழை பொய்த்தாலும் பூக்கும் செடி. ஆடு மாடும் அவ்வளவாக வாய் வைப்பதில்லை. தைப்பொங்கலுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவது இதைத்தான். இதன் பட்டைக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. நூறு வருஷங்களுக்கு முன்பு, இந்தப் பட்டையில் ஊறிய ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் போய், அங்கே புத்தகங்களுக்கும் ஆல்பங்களுக்கும் மேலுறை ஆயின. அந்தச் சரித்திரத்தைப் படித்திருந்தேன். கையால் தொட்டது ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், நண்பரின் பெரியம்மா வீட்டுக் கூடத்தில்.

அந்த வீட்டின் முன்னோர் ஒருவர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ரைட்டராக இருந்தவர். 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டுப் பார்த்த நாளிலிருந்து, மலை மேல் துரைமார் தோட்டங்களும் மலையடிவாரத்து ஊர்களில் கணக்கெழுதும் குடும்பங்களும் வளர்ந்தன. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய குடும்பம் ஒன்று விட்டுப்போனது இந்த ஆல்பம் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பெரியம்மா அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மரப்பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

"தொட்டீங்கன்னா செம்மண்ணாட்டம் ஒட்டிக்கும்ங்க தம்பி. சட்டையில படாமப் பார்த்துக்குங்க" என்றார்.

ஒட்டியது. முதுகுப் பகுதியைத் தாங்கிப் பிடித்த உள்ளங்கையில் செங்காவித் தூள் மெல்லிசாகப் படிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பொருளின் அழகு.

அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், கனம் நான்கு விரல். பித்தளைக் கொக்கி ஒன்று முன் ஓரத்தில் பூட்டிக்கொள்கிறது. அட்டையின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, அதன் மேல் தோலை இழுத்து ஒட்டியிருந்தார்கள். கூரான மூலை எங்கும் இல்லை. மூலைகளில் தோலை மடித்த இடத்தை நகத்தால் தேடினேன், மேடு தட்டவில்லை. தோலின் உட்புறத்தைக் கத்தியால் காகிதக் கனத்துக்குச் சீவிவிட்டு மடித்தால்தான் அப்படி வரும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் தோல் கிழிந்துவிடும். மேலோட்டமாகப் போனால் மூலை புடைக்கும். இந்த ஆல்பத்தில் நான்கு மூலைகளும் ஒன்றே போல இருந்தன.

மேலட்டையில் இரண்டு விதக் கோடுகள். ஓரத்தைச் சுற்றி வருவது வெறும் சூட்டுக்கோடு: சூடேற்றிய பித்தளைச் சக்கரத்தை ஈரத்தோலில் உருட்டினால் நிறம் கருத்து ஒரு பள்ளக் கோடு விழும். நடுவில் தங்கக் கட்டம், நான்கு மூலையிலும் சின்ன இலை. தங்கம் தோலில் எப்படி நிற்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் மிக நுட்பமான இடம். முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, கொஞ்சம் வினிகர் சேர்த்து, கோலம் வரவேண்டிய இடத்தில் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்ததும் விரலில் எண்ணெய்ப் பசை காட்டித் தங்கத் தகட்டைப் படியவைப்பார்கள். அப்புறம் சூடான அச்சை ஒரே அழுத்து. சூடு பட்ட இடத்தில் மட்டும் முட்டை வெள்ளை வெந்து இறுகி, தங்கத்தைத் தோலோடு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்துத் தகட்டைத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். அச்சின் சூடு கூடினால் தோல் கருகும், குறைந்தால் தங்கம் உதிரும். ஈர விரலை அச்சில் தொட்டு, வரும் சீற்றத்தைக் காதால் கேட்டுத்தான் பதம் பார்த்தார்கள். பக்கங்களின் மூன்று ஓரங்களும் தங்க முலாம். அங்கேயும் தங்கத்துக்கு அடியில் முட்டை வெள்ளைதான், மேலே மெருகு ஏற்றியது அகேட் கல்.

திறந்து பார்த்தால் வேறொரு சாமர்த்தியம். புத்தகம் தைப்பது போல இதைத் தைக்க முடியாது. ஒவ்வொரு பக்கமும் கெட்டி அட்டை, மடங்காது. ஆகவே ஒவ்வோர் அட்டையின் உள்விளிம்பிலும் ஒரு பட்டைத் துணியை ஒட்டி, அந்தத் துணியைத்தான் முதுகோடு இணைத்திருக்கிறார்கள். கதவுக்குக் கீல் செய்யும் வேலையை இங்கே துணி செய்கிறது. ஒரு பக்கத்தைப் புரட்டினால் அது மட்டும் தட்டையாக விழுகிறது. அடுத்த பக்கம் அசைவதில்லை.

ஒவ்வொரு பக்கமும் உண்மையில் இரண்டு அட்டைகள், நடுவில் ஒரு படம் நுழையும் இடைவெளி. அட்டையில் ஜன்னல் வெட்டி, வெட்டிய விளிம்பைச் சாய்வாகச் சீவி, அதற்கு வெளியே மெல்லிய தங்கக்கோடு இழுத்திருக்கிறது. சில பக்கங்களில் ஜன்னலின் தலை வளைவு, சிலவற்றில் நீள்வட்டம். படத்தை ஜன்னலுக்குக் கீழே உள்ள பிளவு வழியாக உள்ளே தள்ள வேண்டும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். நூறு தடவை படம் மாற்றினாலும் ஜன்னல் அப்படியே இருக்கும். அதிகம் பாடுபட்ட இடம் பிளவின் ஓரம் மட்டுமே. அங்கே காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது.

ஜன்னல்களின் அளவே ஆல்பத்தின் வயதைச் சொல்லிவிடுகிறது. சிறியவை 4 அங்குலத்துக்கு 2½ அங்குல அட்டைப் படத்துக்கானவை. பாரிஸில் டிஸ்டேரி 1854-ல் காப்புரிமை வாங்கி, உலகமெங்கும் பரவிய விசிட்டிங் கார்டு அளவு அது. பெரியவை 1866-க்குப் பிறகு வந்த கேபினட் அளவு, 6½-க்கு 4¼. இரண்டுக்கும் இடம் வைத்திருப்பதால் ஆல்பம் 1860-களின் கடைசிக்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

துரை வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் இன்னும் தங்கள் ஜன்னலில் இருக்கிறார்கள். பெரியம்மா அனுமதியோடு அந்த அட்டையை வெளியே இழுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் மதராஸ் நிக்கலஸ் கம்பெனி முத்திரை. ஊட்டியிலும் கிளை வைத்திருந்த பெரிய ஸ்டூடியோ அது. இன்னும் பல ஜன்னல்களில் இந்த வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைப்பாகையும் கோட்டுமாக, பக்கத்து முக்காலியில் பூந்தொட்டியோடு ரைட்டர். கண்டாங்கிக் கட்டில் அவர் மனைவி. பிந்திய காலத்துப் படங்களைக் கத்தரியால் நறுக்கி, பின்னால் அட்டை கொடுத்து, ஜன்னலுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். யாரையும் ஜன்னலுக்காகத் தலை வெட்டவில்லை. நறுக்கியவர் கோட்டையும் தொட்டியையும் தியாகம் செய்து முகத்தைக் காப்பாற்றியிருந்தார்.

பழைய படங்களும் புதிய படங்களும் வேறு வேறு என்பது வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது. பிந்தியவை சாம்பல் நிறம். அந்தக் குழந்தைகளின் படம் ஊதா கலந்த பழுப்பு, வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் இளமஞ்சள், மேலே லேசான மினுமினுப்பு. அது ஆல்புமென் படம். அதாவது அதுவும் முட்டை வெள்ளை.

1850-லிருந்து ஏறக்குறைய அந்த நூற்றாண்டின் முடிவு வரை உலகத்துப் புகைப்படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் அச்சாயின. உப்புச் சேர்த்து அடித்த முட்டை வெள்ளையில் மெல்லிய காகிதத்தை மிதக்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டால் காகிதம் வெளிச்சத்துக்கு விழித்துக்கொள்ளும். நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்தால் படம் தானே எழும். நிறம் நிலைக்கத் தங்க உப்பில் ஒரு குளியல். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஒரே ஓர் ஆலை 1888-ல் இப்படிப்பட்ட காகிதம் 18,674 ரீம் தயாரித்தது. ரீம் ஒன்றுக்கு 27 டஜன் முட்டை; கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 60 லட்சத்துக்கு மேல். மிஞ்சிய மஞ்சள் கருவைத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள், கையுறைத் தோலை மிருதுவாக்க.

இதை நான் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் அட்டைத் தட்டுகள் அடுக்கிய முட்டை வண்டி ஒன்று போயிற்று. இந்த ஊரில் அது நாள் முழுக்கப் போகும். நாமக்கல் மண்டல முட்டை விலை தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தங்கம் வெள்ளி விலையோடு வருகிற செய்தி. அவர் முட்டையைத் தொடாத வீட்டுக்காரர். குழந்தைகளின் படத்தையும் தங்கக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா பூஜைப் பெட்டிக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தனா!" என்று சிரித்தார். ஆனால் ஆல்பத்தை இடம் மாற்றவில்லை.

முட்டை நாமக்கல்லில் என்றால் வெள்ளி சேலத்தில். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் நடந்தால் கொலுசுப் பட்டறைகளின் தட்டல் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் தேடி அலைந்த சரக்கெல்லாம் இன்று இந்தச் சமவெளியில் ஒரு பஸ் பயண தூரத்துக்குள் கிடைக்கிறது.

அன்றைய சேலம் மாவட்டத்தை முதன்முதல் ஆல்பமாக்கியவர்களில் ஒருவரும் இதே சாமான்களோடுதான் வந்தார். மதராஸ் ராணுவ அதிகாரியான லின்னேயஸ் டிரைப், 1856-ல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் புறப்பட்டு, சேலம் மாவட்டம் வழியாக ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் ஒன்றுக்கு ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் என்றே தலைப்பு. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று ஓசூரும் தர்மபுரியும் நாமக்கல்லும் சேலத்துக்குள் அடக்கம். மெழுகேற்றிய காகித நெகட்டிவ், ஏறக்குறைய 14 அங்குல அகலம். வானம் வெறுமையாகப் பதிந்தால் நெகட்டிவ் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். அவர் தொகுதிகளின் நகல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அவர் எடுத்தது தனித்தனிப் படங்களே அல்ல என்பதுதான். பக்கம் புரட்டும் வேகம், வெற்றிடம், தலைப்பு எழுத்து எல்லாவற்றையும் சேர்த்தே யோசித்திருக்கிறார். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் அரசுக்கு இந்தச் செலவு கட்டாது என்று வேலையை நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் நாமக்கல் பாறையும் சங்ககிரியும் இன்னும் எத்தனை கோணங்களில் நமக்குக் கிடைத்திருக்கும்!

இனி அந்தச் செந்தூள்.

ஆல்பத்தைச் சுற்றியிருந்த துணியின் மடிப்பில் உதிர்ந்து கிடந்த தூளில் ஒரு சிட்டிகையையும், தானே பெயர்ந்த நகக்கண் அளவுச் சில்லையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, பள்ளிபாளையம் வழியாகக் காவிரியின் அக்கரைக்கு, ஈரோட்டுக்குப் போனேன். அங்கே பழைய முறையில் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் நண்பருக்குத் தெரிந்த மேஸ்திரி இருந்தார். சுண்ணாம்புக் குழி, மயிர் வழிக்கும் சாய்கட்டை, சாறு நிரம்பிய தொட்டிகள், நிழலில் தொங்கும் தோல்கள். வாடை மூக்கைப் பிடிக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள்; பட்டைத் தொட்டிகளின் பக்கம் வந்தால் துவர்ப்பான, நல்ல மணம்தான்.

மேஸ்திரி பேசிக்கொண்டே காட்டினார். தோலை முதலில் லேசான பட்டைச் சாற்றில் போட்டு, நாளுக்கு நாள் கெட்டிச் சாற்றுக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல் பக்கம் சுருங்கி மூடிக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். பட்டை முடிந்ததும் கடுக்காய்ச் சாறு. கடைசியில் புங்க எண்ணெய், நல்லெண்ணெய். "பட்டை ஒடம்பு குடுக்கும், கடுக்காய் மொகம் குடுக்கும்" என்றார். வெறும் பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தணித்து நிறத்தை இளமஞ்சளாக நிறுத்துகிறது. கொல்லிமலையிலும் கல்வராயனிலும் சேர்வராயனிலும் பொறுக்கிவரும் கடுக்காய் இந்தத் தொட்டிகளுக்கு எத்தனையோ தலைமுறைகளாக இறங்கி வந்திருக்கிறது. இப்போது ஆவாரம்பட்டை கட்டுப்படியாவதில்லை. வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டைச் சாறு பெருமளவு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனாலும் முறை அதே முறை. இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பழைய வியாபாரப் பெயரிலேயே இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

என் சில்லு எந்தச் சாற்றில் ஊறியது என்று பார்க்க, முதலில் இரும்பு உப்பான அன்னபேதி கரைத்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குச்சியில் தொட்டு, கடுக்காய்ச் சாற்றில் ஒரு சொட்டு விட்டார். நொடியில் நீலக்கறுப்பு. நம் முன்னோர் காகிதத்தில் எழுத இப்படியும் மை செய்தார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் விட்டார், கரும்பச்சை. அப்புறம் நான் கொண்டுபோன சில்லை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாற்றில் ஒரு சொட்டு.

பச்சை. ஓரத்தில் கலங்கலாக ஆரம்பித்து, நடுவில் கறுத்த பச்சை.

மேஸ்திரி அவசரப்படவில்லை. வாட்டிலும் பச்சைதான் காட்டும். வேறு சில மரப்பட்டைகளும் அப்படித்தான். ஆகவே இது ஆவாரமே என்று அந்தச் சொட்டை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆல்பத்தின் காலம், ஆட்டுத்தோல், செந்தூளாக உதிரும் விதம், மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறபோது என் மனம் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

செந்தூள் ஒரு வியாதி. லண்டனில் கலைகளுக்கான சங்கம் 1900-ல் ஒரு குழு அமைத்து, நூலகங்களில் தோல் கட்டுகள் ஏன் இப்படிப் பொடிகின்றன என்று ஆராய்ந்தது. கோபாம் பிரபு தலைவர். பைண்டர் டக்ளஸ் காக்கரெல், தோல் வேதியியல் அறிஞர்கள் பலர் அங்கத்தினர். 1905-ல் வந்த முழு அறிக்கை, ஆவாரம்பட்டையில் பதனிட்டு இந்தியாவிலிருந்து வந்த தோல்களைப் புத்தகக் கட்டுக்கு மிக மோசமானவை என்ற வரிசையில் வைத்தது. 'பெர்சியன்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் விற்ற தோல்கள் இவை. விளக்குக்கு எரித்த நிலக்கரி வாயுவின் கந்தகப் புகையை இந்த வகைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளுக்குள் அமிலம் ஊறும். நார் இற்றுச் செம்பொடியாகும். சுமாக் இலையில் பதனிட்ட தோல் அதைத் தாங்கியது.

அறிக்கை சொன்னது நிஜம். ஆனால் குற்றத்தை ஆவாரத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை. இந்தச் சமவெளியின் கிணறுகளில் கவலை ஓட்டிய காலத்தில், விடியலிலிருந்து தண்ணீரைச் சுமந்து கொட்டியது நாட்டு முறையில் பதனிட்ட தோல். செருப்பாக, சேணமாக, தோல்பையாக அது உழைத்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி, லண்டனில் அமிலம் போட்டு வெளுத்து, சாயமேற்றி, உருளையில் அழுத்தி மொராக்கோத் தோலின் சுருக்கத்தை வரவழைத்து, விலையுயர்ந்த தோலுக்குப் பதிலாக ஒட்டியவர்கள் கையிலும் பாதிக் குற்றம் இருக்கிறது. அமிலச் சாயம் தோலைக் கெடுக்கிறது என்று அதே அறிக்கையும் சொல்லியிருக்கிறது. நான் பார்த்த ஆல்பத்தின் தோலில் அந்தச் செயற்கைச் சுருக்கம் ஒரே சீராக, ஓர் ஒழுங்கில் ஓடியது. உண்மையான மொராக்கோவில் அவ்வளவு ஒழுங்கு இருக்காது. இங்கே வெட்டிய பட்டையில் இங்கே ஊறிய தோல், கடல் கடந்து போய், வேஷம் மாறி, ஒரு காப்பித் தோட்டக்காரரின் பெட்டியில் மறுபடி இந்தப் பக்கத்துச் சேர்வராயன் மலைக்கே ஏறி வந்திருக்கக்கூடும். அதை நினைக்கையில் எனக்குக் கொல்லிமலையும் லண்டனும் ஒரே ஊரின் இரண்டு தெருக்களாகிவிட்டன.

ஆல்பத்தின் பித்தளைக் கொக்கியும் பக்கங்களும் உறுதியாக இருந்தாலும் துணிக் கீல்கள் இரண்டு விட்டுப்போயிருந்தன. பெரியம்மா சரி செய்ய விரும்பினார். நண்பரும் நானும் அதைத் துணியோடு சேலத்துக்கு எடுத்துப் போனோம், முதல் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு பைண்டரிடம். லீ பஜார் மண்டிகளின் பேரேடுகளுக்குத் தலைமுறையாகக் கட்டுப் போடும் குடும்பம். இன்று பேரேடு குறைந்துவிட்டது. பள்ளிக்கூட நோட்டும் கல்லூரி புராஜெக்டும் கோயில் கணக்கும்தான் வருமானம். கல்யாண ஆல்பங்கள் வேறு உலகம். படமே பக்கமாக அச்சாகி, அழுத்தி, ரெக்சின் பெட்டியோடு லேபிலிருந்து முழுதாக வந்துவிடுகின்றன. அவற்றிலும் நல்ல வேலை உண்டு. ஆனால் ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாது.

பைண்டர் கையைக் கழுவித் துடைத்து, ஆல்பத்தை மேஜையில் வைத்து, திறக்காமல் வெகுநேரம் பக்கவாட்டிலிருந்தே பார்த்தார். பிறகு கேட்டார், "யாருண்ணா கட்டுனது? முதுகு எவ்வளவு கனமோ முன்னாடியும் அவ்வளவே கனம் வர்ற மாதிரி கீலுக்கு நடுவுல தாங்கல் வெச்சிருக்காங்க பாருங்க."

நான் கவனிக்காத விஷயம். படம் நுழைத்த பக்கங்கள் முன் ஓரத்தில் கனத்துவிடும். முதுகு ஒல்லியாக இருந்தால் ஆல்பம் விரியத் திறந்து கொக்கி தெறித்துவிடும். அதைத் தடுக்கக் கீல்களுக்கு இடையே மெல்லிய அட்டைக் கீற்றுகளை முன்கூட்டியே ஒட்டி, முதுகை வேண்டுமென்றே தடிமனாக்கியிருக்கிறார்கள். இன்னும் வராத படங்களின் கனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டியவன் எவ்வளவு பெரிய கைக்காரன்!

முதுகுத் தோலை மாற்றலாமா என்று நண்பர் கேட்டதற்குப் பைண்டர் தலையை ஆட்டினார். பொடிகிற தோலில் ஈரப்பசை பட்டால் கருத்து இறுகிப் பாளம் பாளமாக விட்டுவிடும். அவருடைய பசை இந்த மண்ணின் பசை: கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு துளி. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் முளைத்த தொழில்தான் இந்தக் கிழங்கு மாவு ஆலைகள். ராசிபுரம் சாலையில் களங்களில் வெயிலுக்கு விரித்திருக்கும் மாவின் புளிப்பு வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வரும். துணிக்கும் காகிதத்துக்கும் அதைவிட நல்ல பசை இல்லை என்றார். இந்தத் தோலுக்கு மட்டும் ஆகாது. மயில்துத்தமும் இதில் வேண்டாம், படங்களில் வெள்ளி இருக்கிறது என்று நான் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டார். அவர் யோசனை இது: மேலட்டையையும் முதுகையும் தொடக் கூடாது, விட்டுப்போன கீல்களுக்கு மட்டும் பழைய பருத்தி வேட்டியின் துணியில், தண்ணீர் வடித்த கெட்டிப் பசையில் புதுக் கீல், ஆல்பம் முழுவதும் உள்ளே இறங்குகிற மாதிரி காலிகோ போட்ட ஒரு பெட்டி. செந்தூள் உதிர்ந்தாலும் பெட்டிக்குள் உதிரட்டும், கை படாது.

புதுக் கீலுக்கான துணியைக் கிழித்துக் காட்டினார். நீளவாக்கு இழையில் ஒரு கீற்று, குறுக்குவாக்கில் ஒரு கீற்று. இரண்டையும் என் கையில் கொடுத்து மடித்துப் பார்க்கச் சொன்னார். நீளவாக்கு இழை மடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். அப்போதுதான் இழுவையைத் தாங்கும். இந்த ஒன்றைத் தப்பாக வைத்தால் ஒரு வருஷத்தில் கீல் அறும் என்றார்.

பெட்டிக்கு அளவெடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஆல்பத்தில் பாதி ஜன்னல்கள் காலி. முன் ஓரம் முதுகைவிட மெலிந்து, ஆல்பம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. முழுக் கனத்துக்குக் கட்டிய பொருள் பாதிக் கனத்தில் நின்றால் கீல்கள் மறுபடி முறுக்கும். காலி ஜன்னல்களுக்கெல்லாம் படத்தின் கனத்தில் வெற்று அட்டை வெட்டி நுழைத்துவிடலாம், அப்புறம் அளவெடுக்கலாம் என்றார் பைண்டர். நண்பர் போனைப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, பெரியம்மாவிடம் கேட்டார்.

"வெத்து அட்டை எதுக்குங்க?" என்றது அந்தக் குரல். "எங்க வீட்ல ஆளா இல்ல? பெங்களூருல ஒருத்தன், திருப்பூர்ல ரெண்டு பேரு, இப்பப் பொறந்தது ஒண்ணு. என்ன அளவுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

பைண்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் 6½-க்கு 4¼ என்று எழுதி, அட்டையின் கனத்தையும் அடியில் குறித்து நண்பரிடம் நீட்டினார். சின்ன ஜன்னலுக்கு 4-க்கு 2½, ஒரு நூல் குறைச்சுக்கங்க, பிளவுல சிக்காம போகணும் என்றார்.